புள்ளிக் குதிரை எந்தச் சாதி?

முகூர்த்த நாள் மாலையில் அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போகும் சி.டி.எச். சாலையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ பேருந்து ஊர ஆரம்பித்தால், முன்னால் மாப்பிள்ளை ஊர்வலம் போகிறது என்று பயணிகள் புரிந்துகொள்வார்கள். பேண்டு செட், ஜெனரேட்டர் வண்டி, சீரியல் விளக்குகள், நடுவில் சாரட்டு. சாரட்டை இழுப்பது பெரும்பாலும் வெள்ளைக் குதிரை. எப்போதாவது வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு விழுந்த குதிரை. என்ன சாதி என்று கேட்டால் வெள்ளைக்கு 'நுக்ரா' என்று பதில் வரும். திட்டு விழுந்ததற்கு 'மார்வாரி' என்று வரும். கேள்வி ஒன்றுதான். ஆனால் முதல் பதில் நிறத்தைச் சொல்கிறது, இரண்டாவது வம்சத்தைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்டுப் பழகிவிட்டதால் இந்த முரண் யாரையும் உறுத்துவதில்லை. குதிரை வளர்ப்பவர்களிடையே உலகெங்கும் நெடுநாளாக ஓடும் வழக்கும் இதுதான்: புள்ளியும் திட்டும் வெண்மையும் ஓர் இனத்தின் அடையாளமா, அல்லது எந்த இனத்தின் மேலும் வந்து உட்காரக்கூடிய நிறமா? நிறம்தான் என்பது என் கட்சி. ஆனால் அந்த முடிவுக்கு வரும் வழி நேராக இல்லை. நிறத்தையே இனமாக்கிக் காட்டியவர்களும் உண்டு.

இனம் என்ற சொல்லுக்கு மிகக் கறாரான பொருள் வேண்டுமென்றால் கிண்டி ரேஸ் கோர்ஸில் ஓடிய குதிரைகளைப் பார்க்கலாம். அவை தாரோபிரெட் குதிரைகள். தாயும் தந்தையும் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டி பதிவேட்டில் ஏறும்; அந்தப் பெற்றோரின் பெற்றோருக்கும் அதே விதி. இப்படியே பின்னோக்கிப் போனால் 1791-இல் இங்கிலாந்தில் வெளியான முதல் பதிவேட்டில் போய் நிற்கும். நிறம் அதில் ஒரு கட்டம் மட்டுமே, குதிரையை அடையாளம் காண்பதற்காக எழுதி வைப்பது. இந்த விதி எவ்வளவு உறுதியானது என்பதை ஜப்பானில் 1996-இல் பிறந்த ஒரு குட்டி காட்டியது. தந்தை சண்டே சைலன்ஸ் ஏறக்குறைய கறுப்பு. தாயும் வெள்ளை இல்லை. குட்டியோ பாலாடை வெள்ளை. ஷிராயுகிஹிமே என்று பெயர் வைத்தார்கள். அதன் மகள் புச்சிகோ வெள்ளை உடம்பில் பழுப்புப் புள்ளிகள் தெறித்துப் பிறந்தது. பார்ப்பவர் யாரும் புள்ளிக் குதிரை என்றே சொல்வார். புச்சிகோவின் மகள் சொடாஷி முழு வெள்ளை. 2020 டிசம்பரில் ஜப்பானின் முதல்தரப் பந்தயம் ஒன்றை வென்று, அந்தத் தரத்தில் ஜெயித்த முதல் வெள்ளைக் குதிரையானது. பாட்டி வெள்ளை, மகள் புள்ளி, பேத்தி வெள்ளை. மூன்றின் இனத்தையும் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. பெற்றோர் யார் என்று ஏட்டில் இருக்கிறது; உடம்பில் என்ன விழுந்திருக்கிறது என்பது வேறு விஷயம். பூனைக்கண்ணோடு பிறந்த பிள்ளையின் குலத்தை எந்த வீட்டிலும் மாற்றி எழுதுவதில்லை அல்லவா.

ஷிராயுகிஹிமேவின் உடலில் நடந்தது என்ன? கருவில் குதிரை உருவாகும்போது நிறமிச் செல்கள் தோலில் பிறப்பதில்லை. முதுகெலும்பு அமையப்போகும் கோட்டின் ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து இரு பக்கமும் நகர்ந்து உடல் முழுவதும் பரவுகின்றன. அந்தப் பயணத்துக்குத் தேவையான மரபணுக்களில் ஒன்று 'கிட்'. அதில் எழுத்து பிசகினால் செல்கள் வழியிலேயே நின்றுவிடும், அல்லது எண்ணிக்கையில் குறைந்துபோகும். அவை எட்டாத இடத்தில் தோல் இளஞ்சிவப்பாகவும் மயிர் வெள்ளையாகவும் நிற்கும். சாரட்டுக் குதிரையின் மூக்கு நுனியையும் கண் இமை ஓரத்தையும் அருகில் போய்ப் பார்த்தால் இது தெரியும். அங்கே தோல் ரோஜா நிறத்தில் இருந்தால் அது பிறவி வெள்ளை. தோல் கறுத்திருந்தால் அது வேறு கதை. பிறக்கும்போது அந்தக் குதிரை கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து, வயது ஏற ஏற நரைத்து வெளுத்தது. இந்த நரைக்குக் காரணம் முற்றிலும் வேறொரு மரபணுவில் ஒரு துண்டு இருமுறை எழுதப்பட்டிருப்பது; 2008-இல் கண்டுபிடித்தார்கள். இவை போதாதென்று, நிறத்தை நீர்த்துப்போகச் செய்யும் இன்னொரு மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றால் வெளிர்நீலக் கண்ணோடு பால்கோவா நிறத்தில் குட்டி பிறக்கும். அதையும் சந்தையில் வெள்ளை என்றே விற்கலாம். ஆக, ஊர்வலத்தில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று வெள்ளைக் குதிரைகள் மூன்று வேறு காரணங்களால் வெள்ளையாக இருக்க முடியும். ஒரு நிறத்துக்குள்ளேயே இவ்வளவு கூட்டம் இருக்கும்போது, அந்த நிறத்தைக் கொண்டு வம்சம் சொல்வது எப்படி?

திட்டும் புள்ளியும் அதே போலத்தான் வேறு வேறு. பெரிய வரைபடம் போல வெள்ளையும் பழுப்பும் பிரிந்து நிற்கும் திட்டுக் குதிரைகளில் பெரும்பகுதிக்கு, கிட் மரபணுவின் அருகே நிறப்புரியின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பது காரணம். சிறுத்தையைப் போல முட்டை முட்டையாகப் புள்ளி விழுந்த குதிரைகளின் கதை இன்னும் சுவாரசியமானது. அங்கே பிசகியிருப்பது டி.ஆர்.பி.எம்.1 என்ற மரபணு. அதன் நடுவே 1,378 எழுத்து நீளமுள்ள பழைய வைரஸ் துணுக்கு ஒன்று செருகிக்கொண்டு, மரபணு முழுமையாக வாசிக்கப்படாமல் தடுக்கிறது. 2013-இல் இது உறுதியானது. புள்ளி எவ்வளவு பரவும் என்பதை இன்னொரு மரபணு கட்டுப்படுத்துகிறது. இந்தக் குதிரைகளுக்குப் புள்ளியோடு வேறு அடையாளங்களும் வரும்: மூக்கின் தோல் கலப்படமாகப் புள்ளியிட்டிருக்கும், குளம்பில் நெடுக்குக் கோடுகள் ஓடும், கண்ணின் வெள்ளை விழி மனிதருக்குத் தெரிவது போல வெளியே தெரியும்.

இந்தச் சிறுத்தைப் புள்ளி எவ்வளவு பழையது என்பது நம் வழக்குக்கு முக்கியமான சாட்சியம். தெற்கு பிரான்சில் பேஷ் மெர்ல் குகைச் சுவரில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு புள்ளிக் குதிரைகளை வரைந்திருக்கிறார்கள். புள்ளிகள் குதிரையின் உடற்கோட்டைத் தாண்டிச் சுவரிலும் பரவிக் கிடப்பதால், அவை பார்த்து வரைந்தவை அல்ல, ஏதோ சடங்குக் குறிகள் என்று பல தொல்லியலாளர்கள் வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் 2011-இல் பழக்கப்படுத்தலுக்கு முந்தைய 31 குதிரைகளின் எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, 18 செம்பழுப்பு, 7 கறுப்பு, மீதி 6 குதிரைகளில் சிறுத்தைப் புள்ளிக்குரிய மரபணு வடிவம் இருந்தது. ஓவியர் சடங்குக்காகவே வரைந்திருக்கலாம். ஆனால் அவர் வேட்டையாடிய காலத்து மந்தைகளில் அப்படிப்பட்ட குதிரைகள் மேய்ந்ததை எலும்பு சொல்கிறது. இன்று உலகெங்கும் உள்ள வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் வோல்கா, டான் ஆற்றுச் சமவெளிகளிலிருந்து பரவத் தொடங்கி ஏறக்குறைய 4,200 ஆண்டுகள்தான் ஆகின்றன. புள்ளி அதைவிட இருபதாயிரம் ஆண்டு மூத்தது. மனிதன் ஒரு குதிரையைக் கட்டி வைத்து இது என் இனம் என்று பெயரிடுவதற்கு வெகு முன்பே இருந்த ஒன்றை, பின்னால் வந்த ஒரே இனத்தின் சொத்தாக்க முடியாது.

புள்ளிக்குள்ளேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. செருகல் உள்ள மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் அழகான புள்ளிகள் விழும். இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் புள்ளிகள் கூடும் என்றுதான் எதிர்பார்ப்போம், நடப்பது நேரெதிர். உடம்பு கிட்டத்தட்ட வெள்ளையாகி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து புள்ளி மிஞ்சும். எனவே, ஒற்றைப் பிரதி உள்ள இரண்டு அழகான புள்ளிக் குதிரைகளைச் சேர்த்தால், பிறக்கும் நான்கில் ஒரு பங்கு புள்ளியே இல்லாமலும், ஒரு பங்கு வெளுத்தும், பாதி மட்டுமே பெற்றோர் போலவும் இருக்கும் என்பது கணக்கு. சந்தையில் எல்லோரும் ஆசைப்படும் வடிவம், தன்னைப் போலவே குட்டி போட முடியாத வடிவம். அந்த வெளுத்த ஒரு பங்குக்கு இன்னொரு விலையும் உண்டு. டி.ஆர்.பி.எம்.1 தோலில் மட்டும் வேலை செய்வதில்லை. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் தரும் சேதியை அடுத்த செல்லுக்குள் வாங்கும் வாசலும் அதுதான். இரு பிரதியும் பழுதானால் வாசல் மூடிவிடும். குதிரைக்குப் பிறவியிலிருந்தே இருட்டில் கண் தெரியாது. பகலில் சாதுவாக நடக்கும் குதிரை பொழுது சாய்ந்ததும் வேலியில் முட்டினால், முரட்டுக் குதிரை என்று பெயர் கட்டிவிடுவார்கள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு வலுவான கேள்வியை எடுத்து வைக்கும். புள்ளியே அடையாளமாகக் கொண்ட இனங்கள் இருக்கின்றனவே, டென்மார்க்கின் நாப்ஸ்ட்ரப்பர், அமெரிக்காவின் அப்பலூசா? இருக்கின்றன. நாப்ஸ்ட்ரப்பரின் கதை 1812-இல் ஃப்ளேபெஹோப்பன் என்ற ஒரு பெண் குதிரையிலிருந்து தொடங்குகிறது. நாப்ஸ்ட்ரப்கோர் பண்ணையின் உரிமையாளர் அதை வாங்கி, தம் ஊர்க் குதிரைகளோடு சேர்த்து, வந்த புள்ளிக் குட்டிகளைத் தேர்ந்து தேர்ந்து பெருக்கினார். அதாவது இங்கே நிறம் ஓர் இனத்திலிருந்து வரவில்லை; நிறத்தை முன்னிட்டு ஓர் இனத்தை மனிதர்கள் கட்டினார்கள். கட்டுவதற்குத் தேவைப்பட்டது புள்ளி மட்டும் அல்ல. பல தலைமுறை ஏடு, ஒரு பண்ணை, ஒரு நோக்கம். அப்படியும் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததால் இனம் நொடித்து, 1971-இல் அப்பலூசாப் பொலிகுதிரைகளை வரவழைத்து இரத்தம் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்பலூசாவோ நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள் வளர்த்தது. அவர்கள் 1877 போரில் தோற்றுக் குதிரைகளை இழந்த பின், 1938-இல் வேறு சிலர் சங்கம் அமைத்து மீட்டெடுத்தார்கள். அந்தச் சங்கம் தாரோபிரெட், அரபு, குவார்ட்டர் குதிரைகளோடு கலப்பதை இன்றும் அனுமதிக்கிறது. புள்ளியே இல்லாமல் பிறக்கும் அப்பலூசாக் குட்டிக்கும் நிபந்தனைகளோடு பதிவு தருகிறது. இந்த இரண்டாவது விதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். புள்ளிதான் இலக்கணம் என்றால் புள்ளியற்ற குட்டிக்கு அங்கே என்ன வேலை? நிறத்துக்காகவே பிறந்த சங்கம்கூட, சிக்கல் வந்தபோது பெற்றோரைக் கேட்கிறது.

அமெரிக்காவில் இன்னும் தெளிவான சோதனை நடந்தே முடிந்திருக்கிறது. பெயிண்ட், பிண்டோ என்று இரண்டு பதிவேடுகள் உண்டு. இரண்டிலும் இருப்பது திட்டுக் குதிரைதான். பக்கத்தில் நிறுத்தினால் கண்ணால் பிரிக்க முடியாத குதிரைகள் இரண்டு ஏட்டிலும் கிடைக்கும். பெயிண்ட் ஏட்டில் ஏற, பெற்றோர் பெயிண்ட், குவார்ட்டர், தாரோபிரெட் ஆகிய மூன்று பதிவேடுகளுக்குள் இருந்தாக வேண்டும். பிண்டோ ஏட்டில் குட்டை மட்டக்குதிரையும் ஏறலாம், அரபுக் கலப்பும் ஏறலாம். திட்டு இருந்தால் போதும். தோல் ஒன்றாகவே இருக்க, முன்னது இனமாகவும் பின்னது நிறமாகவும் நிற்கின்றன.

நம் ஊரிலிருந்து வரும் எதிர்ப்பு இதைவிட நுட்பமானது. ஏடு என்பதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், இங்கே மாட்டையும் குதிரையையும் நிறம் பார்த்தே தலைமுறை தலைமுறையாக இனம் சொன்னார்கள், அது தவறியதும் இல்லை என்பார்கள். இதில் பாதி உண்மை. தமிழகத்தில் பதிவு பெற்ற குதிரை இனம் எதுவும் இல்லை. பாண்டியர் காலத்திலேயே காயல் துறையில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதை மார்கோ போலோ எழுதியிருக்கிறார். கடல் தாண்டி வந்த குதிரையின் தாய் தகப்பனை வாங்குபவர் எங்கே போய் விசாரிப்பார்? எதிரே நிற்கும் உடம்புதான் சாட்சி. அதனால் நிறம், சுழி, நெற்றியும் நான்கு கால்களும் வெளுத்த பஞ்சகல்யாணி என்று கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டே இலக்கணம் வளர்ந்தது. ஆனால் அந்த இலக்கணம் சொன்னது ராசியை, வம்சத்தை அல்ல. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில் இரண்டு கணக்கும் அருகருகே நடப்பதைப் பார்க்கலாம். மார்வாரியையும் கத்தியவாரியையும் அடையாளம் காண வந்தவர் முதலில் காதைப் பார்ப்பார். உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி தொடும் காது. அதன் பிறகுதான் நிறமும் சுழியும். காது இனத்துக்கு, நிறம் விலைக்கு, சுழி மனத்திருப்திக்கு.

அதே சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வருவது பர்கூர் மாடு. செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் தெறித்த செம்மறை. தூரத்திலிருந்தே பர்கூர் என்று சொல்லிவிடலாம். நிறமே இனம் என்ற கட்சிக்கு இதைவிடச் சிறந்த சாட்சி தமிழகத்தில் இல்லை. ஆனாலும் பர்கூர் மந்தைகளில் திட்டில்லாத வெள்ளை மாடும் முழுக் கரும்பழுப்பு மாடும் இடையிடையே பிறக்கின்றன. அவற்றைப் பட்டியில் அடைப்பவர் வேற்று இனம் என்று விரட்டுவதில்லை. காட்டுக்குள் ஏறி இறங்கும் காலும், அந்நியரைக் கண்டால் மிரளும் குணமும் அவற்றுக்கும் உண்டு. காங்கேயத்தில் இன்னும் வெளிப்படை. கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்துக்குள் சாம்பலாக மாறுகிறது. காளை வளர வளரத் திமிலும் முன் பின் சப்பைகளும் கறுத்து வரும். காயடித்தால் அந்தக் கருமை வெளிறும். ஒரே மாடு தன் ஆயுளுக்குள் மூன்று நிறம் காட்டுகிறது. கொங்கு உழவர்கள் மயிலை, காரி, செவலை என்று நிறத்தைத் தனியாகவும் காங்கேயம் என்று இனத்தைத் தனியாகவும் சொல்வதற்கு இந்த அனுபவமே காரணமாக இருக்க வேண்டும். நிறம் நல்ல தடயம். ஓர் ஊருக்குள், வெளிக்கலப்பு இல்லாத மந்தைக்குள், அது பெரும்பாலும் சரியான இடத்துக்கே கூட்டிப் போகும். மலையிலிருந்து இறங்கிச் சந்தைக்கும், சந்தையிலிருந்து லாரியில் சென்னைக்கும் வந்துவிட்ட பிறகு அந்தத் தடயத்துக்கு அவ்வளவு பெறுமானம் இல்லை.

நாய் விஷயத்தில் இதே வழக்கு இன்னும் சூடாக நடக்கிறது. அம்பத்தூருக்கு அடுத்த அண்ணா நகரில்தான் இந்திய கென்னல் கிளப்பின் அலுவலகம் இருக்கிறது. நாட்டின் வம்சாவளி நாய்களுக்குச் சான்றிதழ் அங்கிருந்து வருகிறது. தென் மாவட்டங்களின் வேட்டை நாய்களில் சிப்பிப்பாறையும் கன்னியும் ஒன்றா இரண்டா என்பது தீராத சண்டை. பழுப்பு, செம்பழுப்பு, சாம்பல் என்றால் சிப்பிப்பாறை. கறுப்பு உடம்பும் புருவம், கால், மார்பில் செம்மையும் என்றால் கன்னி என்று ஒரு தரப்பு. உடற்கட்டும் ஓட்டமும் ஒன்றேதான், நிறத்தை வைத்துப் பெயர் பிரித்துவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பு. கன்னியை வளர்ப்பவர்கள் ஒரு வாதம் சொல்வார்கள்: கன்னியோடு கன்னி சேர்ந்தால் பழுப்புக் குட்டி விழுவதே இல்லை, எனவே அது சுத்தமான தனி இனம். கேட்கச் சரியாக இருக்கிறது. மரபியல் அதை ஏற்காது. நாய்களில் பழுப்பு நிறம் ஓங்கு தன்மை கொண்டது, கறுப்பு-செம்மை வடிவம் ஒடுங்கு தன்மை கொண்டது. ஒடுங்கிய நிறம் வெளியே தெரிகிறது என்றாலே அந்த நாயிடம் ஓங்கிய நிறத்தின் பிரதி இல்லை என்று பொருள். இல்லாததை எப்படிக் குட்டிக்குக் கொடுக்கும்? மாறாக இரண்டு பழுப்பு நாய்களுக்கு, இரண்டும் அந்த ஒடுங்கிய பிரதியைச் சுமந்தால், கறுப்பு-செம்மைக் குட்டி விழும். நிறம் தவறாமல் வழிவழியாக வருவது இனச் சுத்தத்தின் சான்று அல்ல. அது எந்த வகை மரபணு என்பதன் சான்று. சிறுத்தைப் புள்ளிக் குதிரை தன்னைப் போலவே குட்டி போடத் தவறுவதற்கும் கன்னி தவறாமல் போடுவதற்கும் பின்னால் இருப்பது ஒரே பாடம்: இரண்டிலும் இனம் பேசவில்லை, மரபணுக் கணக்குதான் பேசுகிறது. கன்னி தனி இனம்தானா என்பது மந்தை மந்தையாக நாய்களின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஒப்பிட்டுத் தீர்க்க வேண்டிய கேள்வி. தனி இனம் என்றே அது முடியலாம். ஆனால் அதற்குச் சாட்சி நிறமாக இருக்காது.

இவ்வளவு வாதாடுவது பெயருக்காக மட்டும் அல்ல. நிறத்தை இலக்கணமாக்கினால் அதைக் காப்பாற்றும் பொருட்டு வளர்ப்பவர்கள் செய்வது விலங்கின் உடம்பில் விடியும். ராஜபாளையம் நாய் என்றால் பால்வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று ஆனது. ஒரே ஈற்றில் பிறந்த கறுப்புக் குட்டியையும் புள்ளிக் குட்டியையும் ஒரு காலத்தில் பிறந்த உடனே கொன்றுவிடும் வழக்கம் இருந்தது. காதுக்குள் ஒலியை நரம்புச் சேதியாக்கும் பகுதிக்கு நிறமிச் செல்கள் தேவை; வெண்மை மிகுந்து அவை அங்கே போய்ச் சேராவிட்டால் குட்டி செவிடாகும். ராஜபாளையத்தில் செவிடு அடிக்கடி தென்படுவதன் காரணம் அதுதான். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய்க்கு இதைவிடப் பெரிய குறை வேண்டுமா? கறுப்புக் குட்டிகளில் இருந்தது அதே இரத்தம்தான், பெரும்பாலும் நல்ல காதோடு. குதிரையில் நடப்பது இன்னும் கொடியது. விலாவில் சட்டமிட்டது போல வெள்ளை விழும் ஒரு திட்டு வகைக்குக் காரணமான மரபணுவை 1998-இல் அடையாளம் கண்டார்கள். ஒரு பிரதி இருந்தால் அழகு. அத்தகைய இரண்டு குதிரைகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி தூய வெள்ளையாகப் பிறந்து, பால் குடித்து, சாணி கழிக்க முடியாமல் சில நாள்களுக்குள் வயிறு வலித்துச் செத்துப்போகும். நிறமிச் செல்களும் குடலை அசைக்கும் நரம்புச் செல்களும் கருவில் ஒரே இடத்திலிருந்து புறப்படுபவை. அந்த மரபணு இரண்டின் பயணத்தையும் நிறுத்திவிடுகிறது. மயிர்க்காலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் இந்தச் சாவைத் தவிர்க்கலாம். அந்தச் சோதனை கேட்பது மரபணுவை. குதிரை எந்த இனம் என்று அது விசாரிப்பதே இல்லை. ஏனெனில் ஆபத்து எந்த இனத்திலும் இருக்கலாம்.

இனி நுக்ராவுக்கு வருவோம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தின் பட்டியலில் மார்வாரி, கத்தியவாரி, மணிப்பூரி, ஸ்பிட்டி, சன்ஸ்காரி, பூட்டியா, கச்சி-சிந்தி போன்ற பெயர்கள் உண்டு, நுக்ரா இல்லை. மார்வாரிப் பதிவேடுகளோ பிறவி வெள்ளையைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. காது வளைந்திருந்தாலும் வெள்ளையாகப் பிறந்ததை ஒதுக்குவது, என் பார்வையில், மறுபக்கத்திலிருந்து செய்யும் அதே தவறு: நிறத்தைக் கொண்டு சேர்ப்பது எப்படியோ, நிறத்தைக் கொண்டு தள்ளுவதும் அப்படியே. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் பிறவி வெண்மையோடு வரும் வெயில் புண், கண் கூச்சம் போன்ற தொல்லைகளைத் தவிர்க்கும் எண்ணம் இருக்குமானால் அதைப் புரிந்துகொள்ள முடியும்.

நுக்ரா இனமாகவே முடியாதா? ஆகலாம், நாப்ஸ்ட்ரப்பர் ஆகவில்லையா. யாராவது ஒரு குழு பெற்றோரை எழுதி வைத்து, உயரம், உடற்கட்டு, நடை என்று வெண்மையைத் தவிர வேறு அடையாளங்களை நிலைநிறுத்தி, பல தலைமுறை வளர்த்துக் காட்டினால் பணியகம் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது முதல் சங்கடம் குட்டிகளிடமிருந்து வரும். கிட் மரபணுவில் வெண்மை தரும் சில வடிவங்கள் இரு பெற்றோரிடமிருந்தும் சேர்ந்தால் கரு தங்குவதில்லை. தங்கிப் பிறப்பவற்றில் மூன்றில் ஒன்று சாதாரணப் பழுப்பாகவோ செவலையாகவோ நிற்கும். இரண்டு நுக்ராவுக்குப் பிறந்த அந்தச் செவலைக் குட்டியை ஏட்டில் எழுதுவதா வேண்டாமா என்று அந்தக் குழு முடிவு செய்ய வேண்டியிருக்கும். எழுதினால் நுக்ரா என்ற பெயருக்கு வெள்ளை என்ற பொருள் போய்விடும். எழுதாவிட்டால் இனம் என்ற பெயர் போய்விடும்.